வீட்டுக் கதவும் ஆணைக்குழுவும்

(நம் சங்கத்தின் வருடாந்த வாலிபர் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"மனித உரிமை பற்றி ஏதாவது பேசு தம்பி, ஆனால் நீட்டிவிடாதே" என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். மனித உரிமை என்பது நம் கொட்டியாரக் குடாவைப் போல அகன்றதொரு பொருள். அதிலே ஒரு சிரங்கை நீரை மாத்திரம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறான். அவனுக்கு "இல்லை" என்று சொல்லும்போது நாம் என்ன காரணத்துக்காக அப்படிச் சொல்கிறோம்? அந்தக் காரணம் நியாயமற்றதாயின் அவன் எங்கே போய் முறையிடலாம்? முறைப்பாட்டைக் கேட்பதற்கென்று அமர்த்தப்பட்டிருப்பவர்கள் யார்? இவ்வளவுதான் என் விஷயம்.

திருகோணமலை வந்து போகிறவர்களின் ஊர். துறைமுகத்துக்கு வேலைக்கு வருவோர், கச்சேரிக்கு மாற்றலாகி வருவோர், ஆஸ்பத்திரிக்கு நியமனம் பெற்று வரும் தாதிமார், பாடசாலைகளுக்கு வரும் ஆசிரியர்கள் என்று மாதந்தோறும் யாரோ ஒருவர் பெட்டியுடன் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என எல்லோரும் கலந்து வாழும் நகரம் இது. ஆகவே வாடகை வீட்டுக் கதை நமக்குப் புதிய கதையன்று.

முதலில் அந்த உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். நம் நாட்டின் மனித உரிமைகள் ஆணைக்குழு 1996-ம் ஆண்டின் 21-ம் இலக்கச் சட்டத்தினால் உண்டாக்கப்பட்டது. அதிலே ஐந்து பேர் இருப்பர். மனித உரிமை விஷயங்களில் அறிவோ அநுபவமோ உள்ளவர்களாயும், சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கும்படியாயும் அவர்களைத் தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. ஒரு தடவைக்கு மூன்று வருடப் பதவி. தலைமைக் காரியாலயம் கொழும்பில் இருந்தாலும் பிராந்தியக் காரியாலயங்களும் உண்டு. நம் திருகோணமலையிலும் ஒன்று உண்டு. அதன் வாசலை மிதித்தவர்கள் இச்சபையில் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அதிகம் உயரமாட்டா என்று நினைக்கிறேன். நானும் சென்ற வருடம் வரை மிதித்ததில்லை.

அந்த ஐவரையும் யார் நியமிப்பது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2001-ம் ஆண்டில் அரசியலமைப்பின் 17-ம் திருத்தம் வந்தது. அரசியலமைப்புப் பேரவை சிபார்சு செய்கிறவர்களையே ஜனாதிபதி நியமிக்க வேண்டும் என்றாயிற்று. 2010-ல் 18-ம் திருத்தம் அந்தப் பேரவையை நீக்கிற்று. 2015-ல் 19-ம் திருத்தம் மீண்டும் கொண்டு வந்தது. 2020-ல் 20-ம் திருத்தம் மறுபடியும் நீக்கிற்று. 2022-ல் 21-ம் திருத்தம் திரும்பவும் நாட்டிற்று. ஒரு வீட்டை இத்தனை முறை இடித்துக் கட்டினால் மேசன்மார்தான் பிழைத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவன் என்ன செய்வான்?

இதன் பலனை உலகமும் கவனித்தது. 2006-ல் பேரவையின் சிபார்சின்றியே உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். அடுத்த வருடமே சர்வதேச மட்டத்தில் நமது ஆணைக்குழு "ஏ" தரத்திலிருந்து "பி" தரத்துக்கு இறக்கப்பட்டது. 2015-ல் புதிய குழு வந்தது. அதன் தலைவியார் பேராதனையில் சட்டம் கற்பித்த கலாநிதி தீபிகா உடகம. உறுப்பினர்களில் ஒருவர் நம்மவராகிய அம்பிகா சற்குணநாதன். நாட்டின் சிறைச்சாலைகளுக்குள்ளே சென்று கைதிகளின் நிலையை ஆராய்ந்து பெரியதோர் அறிக்கை வெளியாவதற்குத் தலைமை தாங்கியவர். 2018-ல் "ஏ" தரம் திரும்பி வந்தது. சட்டம் அன்றும் இன்றும் அதே 1996-ம் ஆண்டுச் சட்டந்தான். ஆசனத்தில் இருந்த மனிதர்கள் மாறினார்கள்.

சரி, வீட்டு விஷயத்தில் இவர்கள் என்ன செய்ய முடியும்?

2007-ம் ஆண்டு ஜூன் 7-ம் தேதி அதிகாலையில் கொழும்பில் நடந்ததைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்பொழுது நாலு வயது. அம்மா சொல்லக் கேட்டேன். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறி, பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். 376 பேர் என்பது அப்போது வெளியான கணக்கு. வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்களும் அதிலே இருந்தார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். இலங்கையில் எங்கும் போய்வரவும், விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரஜைக்குள்ள சுதந்திரம் அரசியலமைப்பின் 14-ம் உறுப்புரையிலே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியே அன்று அவர்களுக்குக் கூரையாக நின்றது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பூர் மக்கள் 2006-ல் யுத்தத்தினால் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களிலே ஒன்பது வருடம் வரையில் காத்திருந்தார்கள். 2015-லும் 2016-லுமே திரும்பிப் போனார்கள். நாம் இவற்றை எல்லாம் உரத்துப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும்.

ஆனால், பெரியோர்களே, நம் அரசன் ஒழுங்கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோமே, அங்கே ஒரு தனி மனிதன் தன் வீட்டை வாடகைக்குக் கொடுக்க மறுக்கிறான். வந்தவனுடைய மதத்தையோ சாதியையோ அறிந்தபின் மறுக்கிறான். இதற்கு ஆணைக்குழு என்ன செய்யும்? ஒன்றும் செய்ய இயலாது. அரசாங்கமும் அதன் அதிகாரிகளும் செய்கின்ற காரியத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அல்லது மீறப்படப் போகின்றது என்றால் அதை விசாரிப்பதே அவர்கள் வேலை. விசாரித்தபின்னும் இரு சாராரையும் இணக்கப்படுத்தலாம், அதிகாரிக்குச் சிபார்சு செய்யலாம், கேளாவிட்டால் ஜனாதிபதிக்கு அறிவிக்கலாம், அது பாராளுமன்றத்துக்குப் போகும். தண்டிக்கும் அதிகாரம் அவர்களிடம் கிடையாது. அரசியலமைப்பின் 12-ம் உறுப்புரையைப் படித்துப் பார்த்தேன். இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரைத் தடுக்கலாகாத இடங்களை அது எண்ணிச் சொல்லுகிறது: கடை, உணவுச்சாலை, ஹோட்டல், களியாட்ட இடம், அவரவர் மதத்து வணக்கத்தலம். வாடகை வீட்டைக் காணவில்லை. 1957-ம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நம்மவரின் சாதிக் கொடுமையை எண்ணியே வந்தது. அதுவும் தேநீர்க்கடை, கிணறு, கோயில், பாடசாலை ஆகியவற்றிலேதான் குறியாக நின்றது.

அதே 1957-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. தனியாருடைய வீடுகளையும் நிறம், மதம், தேசம் பார்த்து மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் முதன்முதல் விதித்த சட்டம் அது. கேட்டுப் பார்ப்பதற்கு நகரத்தின் ஆணைக்குழு ஒன்று இருந்தது. பின்னர் அது நகர மனித உரிமை ஆணைக்குழு என்று பெயர் பெற்றது. நாட்டுக்கு ஒரு குழு என்றில்லாமல் நகரத்துக்கு நகரம் குழுக்கள். பல ஊர்களில் நகரபிதா நியமிக்கும் சாதாரணக் குடிமக்களே அங்கத்தவர்கள். சம்பளமில்லாமல், மாலை வேளையில் கூடி, அயலவன் மேல் அயலவன் கொண்டுவரும் முறைப்பாட்டைக் கேட்பார்கள். பகலில் சந்தையில் கண்டு வணக்கம் சொன்னவனுடைய பிழையை இரவில் விசாரிப்பது எவ்வளவு சங்கடமான உத்தியோகம் என்று யோசித்துப் பாருங்கள்!

இப்படிப்பட்ட சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. மில்வோக்கி என்றொரு நகரம், அமெரிக்காவின் வடபகுதியில் ஏரிக்கரையிலே உள்ளது. அங்கே நகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் முதற் கறுப்பினத்தவருமாகிய வெல் பிலிப்ஸ் அம்மையார் 1962-ல் வீட்டு நியாயச் சட்டம் ஒன்றைப் பிரேரித்தார். பதினெட்டுப் பேர் எதிர். ஆதரவு ஒன்று, அது அவருடைய வாக்குத்தான். நாலு தடவை கொண்டுவந்தார். நாலு தடவையும் அதே பதினெட்டுக்கு ஒன்று. 1967 ஆகஸ்ட் 28-ம் தேதி அந்நகரத்து வாலிபர் சங்கமொன்று வீதிக்கு வந்தது. ஆம், நம்மைப் போன்ற வாலிபர் சங்கந்தான். நம்மிலும் இளையவர்கள் பலர். துணைக்கு ஜேம்ஸ் குரோப்பி என்ற கத்தோலிக்கக் குருவானவர். மிஷன் பாடசாலையிலே குருமாரிடம் பிரம்படி பட்டுப் படித்தவன் நான். ஒரு குருவானவர் இப்படியும் இருந்தார் என்று வாசித்தபோது எனக்கு மனம் இளகிற்று. கறுப்பர் பகுதியையும் வெள்ளையர் பகுதியையும் இணைக்கும் நீண்ட பாலத்தைக் கடந்து அவர்கள் நடந்தார்கள். அக்கரையில் கல்லும் போத்தலும் காத்திருந்தன. மறுநாளும் நடந்தார்கள். பனிக்காலத்திலும் நடந்தார்கள். இருநூறு இரவுகள்! 1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்து நாடு முழுவதற்குமான வீட்டு நியாயச் சட்டத்தில் ஜனாதிபதி ஒப்பமிட்டார். அந்த மாத முடிவிலே மில்வோக்கி நகரசபையும் தன் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பமாயிற்று. ஏனெனில் எந்த வீட்டுக்காரனும் "நீ கறுப்பன், ஆகவே தரமாட்டேன்" என்று சொல்லுவதில்லை. அவன் மரியாதையாகச் சிரித்து, "அடடா, நேற்றுத்தானே கொடுத்துவிட்டோம்" என்கிறான். அதைப் பொய் என்று காட்டுவது எப்படி? அங்குள்ளவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரிக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் ஒரே வீட்டைக் கேட்டுப் போவார்கள். ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். முன்னவருக்கு வீடு இல்லை. பின்னவருக்கு அதே வீட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். பரீட்சித்துப் பார்க்கும் இவர்கள் உண்மையில் வீடு தேடி வந்தவர்கள் அல்லரே, இவர்களுக்கு என்ன நட்டம் என்று வேர்ஜீனியாவில் ஒரு கொம்பனி வழக்காடியது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் முக்கியமானது: வீடு இருக்கும்போது நிறம் பார்த்து இல்லை என்று பொய் சொல்வதையே சட்டம் தடுத்திருக்கிறது, அந்தப் பொய்யைக் கேட்டவருக்கு, அவர் வாடகைக்கு வரும் எண்ணமற்றவராயினும், வழக்குத் தொடர உரிமை உண்டு.

இதை நான் நூல்நிலையத்தில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். காரணத்தைச் சொல்லுகிறேன்.

இரண்டாம் வருடத்தில் விடுதி கிடைக்கவில்லை. கண்டிப் பக்கத்தில் ஓர் ஊரில் அறை தேடி அலைந்தேன். ஒரு வீட்டு மதிலில் பலகை தொங்கிற்று. தொலைபேசியில் பேசியபோது அறை இருந்தது. நேரே போய்ப் பெயரையும் ஊரையும் சொன்னவுடன் அறை இல்லை. அந்த அம்மா கடுமையாக ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் கூடத் தந்தார். இரண்டு கிழமை கழித்தும் பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கொதித்தேன். நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது அம்மம்மாவிடமும் சொன்னேன். அவர் அந்த அம்மாவை நன்றாக வைதார்.

அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பு நடந்தது வேறு. அம்மம்மாவின் வீட்டோடு ஒட்டினாற்போல் ஓர் அனெக்ஸ் உண்டு. வாடகைக்கு என்று எழுதி என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டிருந்தோம். ஓர் ஆசிரியர் பேசினார். புதிதாக மாற்றலாகி வந்தவர். மனைவியும் சிறு பிள்ளையும். நல்ல அமைதியான குரல். எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டார். பின்னேரம் வாருங்கள் ஐயா என்றேன். பெயரைக் கேட்டேன். முஸ்லிம் பெயர். அம்மம்மா அருகில் இருந்தார், தலையை அசைத்தார். நான் சொன்னேன்: "மன்னிக்க வேணும் ஐயா, இப்பதான் அம்மம்மா சொல்லுறா, அது நேற்றே குடுத்தாச்சாம்." அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பரவாயில்லை தம்பி" என்று வைத்துவிட்டார். அந்த அனெக்ஸ் மேலும் மூன்று மாதம் வெறுமையாகக் கிடந்தது.

கண்டியில் நான் கேட்ட அதே வசனம்! அதைச் சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை. வாயிலே தானாக வந்தது.

பெரியோர்கள் சொல்லக்கூடிய நியாயங்களை நான் அறியாதவன் அல்லன். சுவாமி அறைக்கு அடுத்த சுவரிலே மாட்டிறைச்சி சமைத்தால் என்ன செய்வது என்று அம்மம்மா கேட்டார். அது அவருடைய உண்மையான கலக்கம். அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். அமெரிக்கச் சட்டத்திலேயே, நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத வீட்டில் சொந்தக்காரரும் உடன் வசித்தால் அவருக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஒரே முற்றத்தில் வாழ்வது நெருங்கிய உறவு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவருங்கூட இன்ன இனத்தார் வேண்டாம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. நான் அம்மம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: சமையலைப் பற்றி நிபந்தனை உண்டென்றால் அதை முதலிலே சொல்லுவோம், வருகிற எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொல்லுவோம். போன வருடம் இருந்த நம் சைவப் பையன்கள் சனிக்கிழமை தோறும் கோழி பொரித்தார்களே, அப்போது நிபந்தனை எங்கே போயிற்று? இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "படிக்கப் போனதும் வாய் நீண்டுவிட்டது" என்றார்.

நம் சமயத்திலேயே இதற்கு ஒரு வரலாறு இருப்பதைப் பிறகுதான் நினைத்தேன். கோணேசர் மேல் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் ஒருமுறை சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் வீட்டுக்கு எழுந்தருளினார். நீலநக்கர் வேள்வி வளர்க்கும் அந்தணர். சம்பந்தரோடு வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியாரும். அக்காலத்து வழக்கப்படி அவ்வீட்டுத் திண்ணைக்கும் வரமுடியாத பாணர் குலத்தினர். இரவு தங்க அவர்களுக்கு இடங்கொடுக்கும்படி சம்பந்தர் சொன்னார். நீலநக்கர் அவர்களுக்குக் கொல்லையில் இடம் காட்டவில்லை. வீட்டின் நடுவே, வேள்விக் குண்டத்தின் பக்கத்திலே இடங்கொடுத்தார். அந்த அக்கினி அணைந்து போகவில்லை. வலமாகச் சுழன்று மேலெழுந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. குருபூசைதோறும் இந்தக் கதையைக் கேட்டு வந்திருக்கிறோம். யாழ்ப்பாணர் தொலைபேசியில் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் இடங்கொடுத்திருப்போம்?

நண்பர்களே, இரண்டு காரியம் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆணைக்குழுவைப் பற்றியது. அரசாங்கக் காரியாலயமோ பொலிஸோ ஒருவரைப் பாகுபாடாக நடத்தினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதந்தான் தவணை. ஏழை மனிதனுக்குக் கொழும்புக்குப் போய் வழக்கறிஞரைப் பிடிக்க ஒரு மாதம் எம்மாத்திரம்? ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்தத் தவணையிலே சேராது. இது அந்தச் சட்டத்தின் 13-ம் பிரிவு. இதை அறியாமையால் உரிமையை இழந்தவர்கள் உண்டு. எழுதத் தெரியாதவருக்கு முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, கூடவே காரியாலயத்துக்குப் போய்வர நம் அங்கத்தவர்களில் இருவர் முறைபோட்டு நிற்கலாம். தேதியை மட்டும் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வந்தவர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம்.

இரண்டாவது, ஆணைக்குழு எட்டாத இடத்தைப் பற்றியது. அந்த ஐவரும் வந்து தட்ட முடியாத கதவு நம் கதவுதான். நகரத்துக்கென்று ஒரு குழு நமக்கு இல்லை. ஆகவே சங்கத்தில் ஒரு கொப்பி வைப்போம். வாடகையும் முற்பணமும் நிபந்தனைகளும் இன்னவை, இவற்றுக்கு இணங்குகிற யாருக்கும் கொடுப்பேன், பெயரையும் பகுதியையும் கேட்டு மறுக்கமாட்டேன் என்று சம்மதிக்கும் வீட்டுக்காரர்களின் விலாசங்களை அதில் எழுதுவோம். பஸ் நிலையத்தில் பெட்டியுடன் இறங்குகிறவருக்கு அந்தக் கொப்பியைக் காட்டுவோம். முதல் வருடம் பத்து விலாசம் சேர்ந்தாலே பெரிய காரியம். சேராவிட்டாலும், யார் யாரிடம் கேட்டோம், என்ன பதில் சொன்னார்கள் என்று நமக்கே தெரியவரும். அதுவும் ஒரு பரீட்சைதானே.

கொப்பியின் முதற் பக்கத்தில் அம்மம்மாவின் அனெக்ஸை எழுதலாம் என்று எண்ணி வந்தேன். இப்போது இருக்கிறவர்கள் வருகிற மாதம் விட்டுப் போகிறார்கள். நேற்றிரவும் அவரிடம் கேட்டேன். நீலநக்கர் கதையையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். இன்னும் "ஓம்" சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் நாலாவது வரிசையில்தான் இருக்கிறார்.